முச்சூடும்: தென்காசி வட்டாரப் பேச்சில் முழுமைச் சொற்களும் அவை மறுக்கும் மிச்சமும்

இங்கிலாந்தின் வடபகுதிப் பேச்சில் ‘ஃபுல் மாண்டி’ என்றொரு வழக்கு உண்டு. எதுவும் குறையாமல், உள்ளது அனைத்தும் என்று அதற்குப் பொருள் சொல்வார்கள். 1980களில் அச்சில் தலைகாட்டத் தொடங்கிய இது, 1997இல் பீட்டர் கட்டானியோ இயக்கிய திரைப்படத்தின் தலைப்பானதும் உலகம் முழுக்கப் பரவியது. ஷெஃபீல்டு நகரத்தின் எஃகு ஆலைகள் மூடப்பட்டபின் வேலையில்லாமல் நிற்கும் ஆண்கள் சிலர் மேடையேறி உடை களைந்து காசு பார்க்க முனைகிறார்கள். கடைசித் துணிவரை கழற்றுவதுதான் அவர்களுடைய ஃபுல் மாண்டி.

வழக்கு எங்கிருந்து வந்தது என்பதற்குக் கதைகளுக்குப் பஞ்சமில்லை. லீட்ஸில் ஆலை வைத்து ஆடை தைத்து விற்ற மாண்டேகு பர்ட்டனின் கடையில் கோட்டு, கால்சட்டை, உள்கோட்டு மூன்றையும் சேர்த்து வாங்கினால் அது ஃபுல் மாண்டி என்பது ஒரு கதை. எல் அலமைன் போரை வென்ற தளபதி மாண்ட்கோமரிக்குப் போர்க்களத்திலும் காலைச் சாப்பாட்டில் ஒன்றும் குறையக்கூடாதாம், அதனால் வந்த பெயர் என்பது இன்னொன்று. ஸ்பானியச் சீட்டாட்டத்தை இழுப்பவர்களும் உண்டு. எந்தக் கதைக்கும் சான்று அகப்படவில்லை. ஆனால் கதை ஒவ்வொன்றும் விடுபட்டுப்போகக்கூடிய ஏதோ ஒரு பொருளைக் காட்டுகிறது. முதல் கதையில் அது உள்கோட்டு, இரண்டாவதில் தட்டில் வராமல் போகும் ஒரு பண்டம், திரைப்படத்தில் கடைசித் துணி. முழுமை என்று பொதுவாகச் சொல்லப்படும் இடத்தில் பேசுபவரின் கண் அந்த ஒரு பொருளின் மேல்தான் இருக்கிறது.

முழுமையைக் குறிக்கும் பேச்சு வழக்கு எதுவாயினும், அதன் பொருளை அது சுட்டும் நிறைவில் தேடுவதைவிட அது மறுக்கும் மிச்சத்தில் தேடுவதே சரி என்பது இக்கட்டுரையின் வாதம். இதைச் சோதிக்கச் சுரண்டை, பாவூர்சத்திரம், குற்றாலம், செங்கோட்டை வட்டாரத் தமிழ் நல்ல களம். இங்கே முழுமைக்கு ஒரு சொல் இல்லை, ஒரு கூட்டமே இருக்கிறது. அகராதிகள் அவற்றையெல்லாம் ‘முழுவதும்’ என்ற ஒரே பொருளில் அடைத்துவிடுகின்றன. பேசுபவர்களோ ஒன்றின் இடத்தில் மற்றொன்றைப் போடுவதில்லை.

சுரண்டைக் காய்கறிச் சந்தைப் பேச்சிலிருந்து தொடங்கலாம். ‘அண்ணாச்சி, எல்லாம் அடங்கலா என்ன வெல சொல்லுதீய?’ என்று பல்லாரி மூட்டைக்கு ஒருவர் விலை கேட்டால், மூட்டையில் உள்ள வெங்காயம் எல்லாம் என்று அதற்குப் பொருள் அல்ல. கமிஷன், ஏற்றுக்கூலி, சாக்கு விலை என்று பின்னால் ஒன்றும் முளைக்கக்கூடாது என்பதே கேள்வி. ‘அடங்கலா’ மறுக்கும் மிச்சம் பிறகு வரும் செலவு. அதே ஆள் ‘மூட்டைய முழுசா எடுத்துக்கிடுதேன்’ என்றால் பிரிக்காமல், பொறுக்காமல் எடுப்பதாகப் பொருள். ‘ஒண்ணு விடாம எண்ணிப் பாரும்’ என்றால் எண்ணிக்கையில் தவறுவதை மறுக்கிறார். ஒரே மூட்டையைப் பற்றி மூன்று முழுமை. இவற்றுள் எதை ‘முழுவதும்’ என்று எழுதினாலும் வியாபாரம் கெட்டுப்போகும்.

‘அடங்கல்’ சந்தைக்கு மட்டும் உரிய சொல் அல்ல. கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள சாகுபடிக் கணக்கின் பெயரும் அதுதான். எந்தப் புல எண்ணில் என்ன பயிர், எவ்வளவு பரப்பு என்று வயல்வயலாகப் பதியும் அந்த ஏட்டில் தரிசாகக் கிடக்கும் புலமும் ஏறியாக வேண்டும். தேவாரத் திருமுறைகள் ஏழையும் ஒருசேர ‘அடங்கன்முறை’ என்று சைவர்கள் வழங்குவதும் இந்த வேரிலிருந்தே. சந்தை, கச்சேரி, கோயில் மூன்றிலும் புழங்கும் இச்சொல்லுக்கு எல்லையைப் போட்டு உள்ளே வைத்து மூடுவது என்ற ஒரே உட்கிடை இருக்கிறது. எல்லைக்கு வெளியே எதுவும் நிற்கக்கூடாது.

இதற்கு நேர் எதிரான வகை ஒன்று ‘ஓடு’ உருபில் முடியும். அடியோடு, வேரோடு, பூண்டோடு, கூண்டோடு. இவை உள்ளே வைத்து மூடுவதில்லை, பிடுங்கி வெளியே எடுக்கின்றன. பிடுங்கிய இடத்தில் எஞ்சி மறுபடியும் துளிர்ப்பது எதுவோ அதுவே இவை மறுக்கும் மிச்சம். ஆகையால்தான் ‘அடியோடு மறந்துட்டேன்’ என்கிறோம், ‘அடியோடு ஞாபகம் இருக்கு’ என்பதில்லை. ‘கூண்டோடு ராஜினாமா’ என்று நாளிதழ் எழுதும், ‘கூண்டோடு நியமனம்’ என்று எழுதாது. நாட்டுமருந்துக் கடைகளில் வழங்கும் ‘சமூலம்’ இதே கருத்தின் வடமொழி வடிவம், வேருடன் கூடியது என்று பொருள். கீழாநெல்லி சமூலம் கேட்டால் வேர், தண்டு, இலை, பூ, காய் ஐந்தும் வேண்டும். அடியோடு என்பது அழிவின் பக்கம் சாய்ந்திருக்க, சமூலம் மருந்தின் பக்கம் வந்துவிட்டது. இரண்டிலும் கை வேரைத்தான் தேடுகிறது.

மூன்றாவது வகை இரட்டைச் சொற்கள்: நிலம் நீச்சு, நகை நட்டு, தட்டுமுட்டு, மூட்டை முடிச்சு, குஞ்சு குளுவான். முதற்சொல்லுக்குத் தெளிவான பொருள் இருக்கிறது. இரண்டாவதற்குப் பெரும்பாலும் தனியே பொருள் சொல்ல வரவில்லை. இதை ஓசைக்காக ஒட்டியது என்று இலக்கணம் கற்பிப்போர் தள்ளிவிடுவது வழக்கம். எனக்கு அது போதுமானதாகத் தோன்றவில்லை. ‘நகை நட்டு எல்லாம் போட்டு அனுப்பினோம்’ என்று பெண்ணைப் பெற்றவர் சொல்லும்போது சங்கிலியும் வளையலும் நகையில் அடங்கிவிடுகின்றன. மெட்டி, மூக்குத்தித் திருகு, வெள்ளி அரைஞாண் என்று பட்டியலில் ஏறாமல் நழுவக்கூடியதெல்லாம் நட்டில் போய் விழுகிறது. கணக்குப் புத்தகத்தில் ‘இதர செலவு’ என்றொரு பத்தி இருப்பதைப் போலத்தான். பொருளில்லாத சொல்லுக்கு வேலை இருக்கிறது, மிச்சத்துக்கு இடம் வைப்பதே அந்த வேலை. ‘லாக், ஸ்டாக் அண்ட் பேரல்’ என்ற ஆங்கில வழக்கு துப்பாக்கியின் விசைப்பூட்டு, மரக்கட்டை, குழல் மூன்றையும் பெயர் சொல்லி அடுக்குகிறது. தமிழ் இரட்டை அவ்வளவு சிரமப்படுவதில்லை. ஒன்றைப் பெயர் சொல்லிவிட்டு மற்றதைப் பெயரில்லாத சொல்லில் போட்டுக்கொள்கிறது.

பட்டியல் போடும் வழியையும் இந்த மண் நன்றாக அறியும். மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயரின் திருக்குற்றாலக் குறவஞ்சியில் பறவைகளும் மலைகளும் அடுக்கடுக்காக வரும். குற்றாலத்து மலையில் இறங்கும் சிற்றாறு சீவலப்பேரியில் தாமிரபரணியோடு கலக்கிறது. அந்த முக்கூடலைப் பாடும் பள்ளு நூலில் நெல்வகையும் மாட்டுவகையும் மீன்வகையும் வரிசையாக நிற்கும். ஓர் ஆற்றின் தலையிலும் கடையிலும் நின்ற இரண்டு புலவர்களும் ஊரின் வளத்தைச் சொல்லப் பட்டியலையே நம்பியிருக்கிறார்கள். பட்டியலுக்கு ஒரு பலவீனம் உண்டு. எவ்வளவு நீண்டாலும் ஒன்று விட்டுப்போயிருக்கும் என்ற சந்தேகம் தீராது. பத்திரம் எழுதுபவர்களுக்கு இது தெரியும். பழைய செப்பேடுகள் உடும்பு ஓடுவதும் ஆமை தவழ்வதுமான நிலம் எல்லாம் என்று எழுதியதும், பிற்காலத்து ஆவணங்கள் நிதி, நிட்சேபம், சலம், பாஷாணம் என்று எட்டுவகை அனுபவத்தையும் பெயர் சொல்லியதும் அந்தச் சந்தேகத்தை அடைக்கத்தான். நெல்லைப் பக்கத்துக் கிரையப் பத்திரத்தில் நான்கு எல்லையையும் ‘நான்மால்’ என்று வகுத்தபின், கிணற்றுப் பங்கு, வண்டித்தடம், பம்புசெட், மாவடை மரவடை என்று தனித்தனியே எழுதுவார்கள். எல்லைக்குள் இருப்பதெல்லாம் எப்படியும் சேர்ந்துவிடுமே, பிறகு மரவடை எதற்கு என்று வெளியூரார் கேட்கக்கூடும். ஒரு பனைமரத்துக்காக இரண்டு தலைமுறை கோர்ட்டு ஏறிய குடும்பத்தில் யாரும் அப்படிக் கேட்கமாட்டார்கள்.

இனி ‘முச்சூடும்’. ஃபுல் மாண்டிக்கு இந்த வட்டாரத்தில் நேர்நிற்கும் சொல் என்றால் இதுதான். பேச்சில் மட்டும் வாழ்கிறது, அழுத்தம் மிகுந்தது, பிறப்பு தெரியாதது. ‘ராத்திரி முச்சூடும் மழ’, ‘காடு முச்சூடும் அருகம்புல்லு’, ‘சம்பளம் முச்சூடும் வட்டிக்கே போச்சு’, ‘கொடைக்கு ஊரு முச்சூடும் வந்துட்டு’ என்பன இயல்பான வாக்கியங்கள். ‘முச்சூடும் ஒரு தேங்கா குடு’ என்று யாரும் கேட்பதில்லை. அங்கே ‘முழுத் தேங்கா’தான். நீண்டோ பரந்தோ கிடக்கும் ஒன்றன் பின்னால்தான் முச்சூடும் வரும். காலம், இடம், தொகை இம்மூன்றும் அதன் களம், நடுவில் விழும் இடைவெளியே அது மறுக்கும் மிச்சம். இது சலிப்பிலும் புகாரிலும் அதிகம் கேட்பதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை, இடைவெளி இல்லாமல் தொடர்வது பெரும்பாலும் மனிதரை வதைக்கிறது. ஆனால் அது விதி அல்ல. கோயில் கொடையில் வில்லுப்பாட்டு ராத்திரி முச்சூடும் நடந்தது என்று மகிழ்ச்சியோடு சொல்லும் வாயும் உண்டு.

சொல்லின் பிறப்பைப் பற்றி இரண்டு விளக்கங்கள் எளிதில் தோன்றும். ‘முற்று’ என்பதிலிருந்து வந்தது என்பது முதலாவது. பொருள் பொருந்துகிறது, ஒலி பொருந்தவில்லை. காற்று காத்து ஆனதும் சோற்றுப்பானை சோத்துப்பானை ஆனதும் போல ற்ற தென்பாண்டிப் பேச்சில் த்த ஆகும். வைத்து வச்சு ஆனதற்கு ஐகாரம் காரணம், முற்றில் அப்படியோர் உயிர் இல்லை. இரண்டாவது, மூன்று + சூடு. முச்சந்தி, முக்கனி போல ஒலி சுத்தமாகப் பொருந்துகிறது. சூடு என்றால் அடுக்கிய நெற்கதிர்ப் போர். ஈழத்தில் இன்றும் சூடு மிதிப்பது என்றால் களத்தில் நெல் பிரிப்பது. மூன்று சூட்டிலும் ஒரு மணி விடாமல் அடித்து எடுத்ததுதான் முச்சூடும் என்று கதை கட்டிவிடலாம், கேட்கவும் நன்றாக இருக்கும். பர்ட்டன் கோட்டுக் கதையும் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. களத்துச் சொல்லாக இது வழங்கியதற்கு எழுத்துச் சான்று காட்டாதவரை இதை ஏற்பதற்கில்லை.

அமெரிக்கர்களின் ‘ஹோல் நைன் யார்ட்ஸ்’ வழக்கு இந்த இடத்தில் நல்ல எச்சரிக்கை. ஒன்பது கெஜம் என்பது இரண்டாம் உலகப்போர் விமானத் துப்பாக்கியின் தோட்டாப் பட்டை நீளம் என்று நெடுங்காலம் சொல்லிவந்தார்கள். நம் ஒன்பது கெஜச் சேலையைக்கூடச் சிலர் விட்டுவைக்கவில்லை. பிறகு இந்தியானா மாநிலத்து நாளிதழ் ஒன்றில் 1907ஆம் ஆண்டிலேயே அது ஒன்பது கெஜமாகவும், கென்டக்கி நாளிதழ் ஒன்றில் 1912இல் ஆறு கெஜமாகவும் கிடைத்தன. போர்க்கதை அதோடு விழுந்தது. எண் மாறியும் பொருள் மாறவில்லை என்றால் அந்த எண் எதையும் அளக்கவில்லை. நம் ‘பதினெட்டுப் பட்டி’யும் அப்படியே. பஞ்சாயத்துக் கதைகளில் பட்டிகளை எண்ணிப் பார்த்தவர் யார்? முச்சூட்டில் உள்ள ‘மு’ மூன்றேயானாலும் அது எதையாவது எண்ணியிருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

சுரண்டைக்கு மேற்கே கணவாயைத் தாண்டினால் மலையாளத்திலும் முச்சூடும் உண்டு. அங்கே அது முடித்தல், நசித்தல் போன்ற வினைகளோடு சேர்ந்து நிற்பதை மிகுதியாகக் காணலாம். முச்சூடும் அழிந்தது என்பது போன்ற தொடர்களில் அது கிட்டத்தட்ட நம் ‘அடியோடு’ செய்யும் வேலையைச் செய்கிறது. செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியைச் சேர்ந்திருந்தது. ஆரியங்காவுக் கணவாய் வழியே வண்டியும், 1904 முதல் கொல்லத்து ரயிலும் ஆளையும் சரக்கையும் சுமந்தன. ஆனால் இதைக் கொண்டு சொல்லை மலையாளத்திலிருந்து வந்ததாகக் கருதுவது அவசரம். கணவாயிலிருந்து வெகுதூரத்தில் கரிசல் காட்டிலும் அது வழங்குகிறது. இருமொழிக்கும் பொதுவான பழஞ்சொல், எழுத்துத் தமிழ் அதைச் சேர்த்துக்கொள்ளாமல் விட்டது, பேச்சு விடவில்லை என்பதே பொருத்தமான முடிவு. மலைக்கு அந்தப்புறம் மிச்சமில்லாமல் அழிப்பதாகவும் இந்தப்புறம் இடைவெளியில்லாமல் நீள்வதாகவும் ஒரே சொல் பிரிந்திருப்பது, முழுமைச் சொல்லின் பொருள் அது மறுக்கும் மிச்சத்தைப் பொறுத்தது என்பதற்கு நான் காட்டக்கூடிய வலுவான சான்று.

இன்னொரு சான்று இலக்கணத்தில் இருக்கிறது. முச்சூடும் என்பதன் கடைசி ‘உம்’ முற்றும்மை. அதை நீக்கி ‘முச்சூடு’ என்று பேச்சில் வழங்குவதில்லை. தொல்காப்பிய இடையியல் உம்மைக்கு எட்டுப் பொருள் கூறுகிறது. எச்சமும் முற்றும் அந்த எட்டில் அடக்கம், மிஞ்சுவதற்கும் முடிவதற்கும் ஒரே இடைச்சொல். அதுமட்டுமன்று, முற்றும்மை சில இடங்களில் எச்சப்பொருள் தரும் என்றும் அதே இயல் விதிக்கிறது. பத்தையும் கொடுக்காதே என்றால் சிலவற்றைக் கொடு என்று ஆகும் என உரையாசிரியர்கள் விளக்குவார்கள். ‘எல்லாரும் வரல’ என்று இன்று சொல்வதும் அதுவே, சிலர் வந்திருக்கிறார்கள்.

இவ்விதியை முச்சூட்டில் வைத்துப் பார்த்தால் சுவையான ஒரு பிளவு தெரிகிறது. ‘கூலிய முச்சூடும் குடுக்கல’ என்றால் கொஞ்சம் கொடுத்திருக்கிறார், பாக்கி நிற்கிறது. ‘ராத்திரி முச்சூடும் தூங்கல’ என்றால் கொஞ்சம் தூங்கினேன் என்று அர்த்தமே இல்லை, கண் மூடவே இல்லை. தொகையின் மேல் நிற்கும்போது எதிர்மறை முழுமையை உடைத்து எச்சத்தை வெளியே தள்ளுகிறது. காலத்தின் மேல் நிற்கும்போது எதிர்மறையே முழுமைக்குள் அடங்கி, தூங்காமை இடைவெளியின்றி நீள்கிறது. தொகையில் மிச்சம் என்பது எண்ணத்தக்க ஒரு பங்கு. காலத்தில் அது நடுவே விழும் ஓர் இடைவெளி, தூங்காமைக்கு நடுவே விழும் இடைவெளி தூக்கம்தான். சொல் மறுப்பது அதைத்தான். இலக்கணவிதிக்கு இது விலக்கன்று, எந்த இடத்தில் எச்சம் பிறக்கும் என்பதற்கு இன்னும் நுட்பமான ஒரு வரையறை.

‘எல்லாம்’ எந்த மிச்சத்தையும் குறிப்பாக மறுக்காமல் பொதுவாக முழுமையைச் சொல்கிறதே என்று தடை எழுப்பலாம். பேச்சில் அதன் கதியைப் பார்க்க வேண்டும். ‘காப்பியெல்லாம் குடிச்சாச்சா?’ என்பதில் எல்லாம் என்பது முதலியன ஆகிவிட்டது. ‘அவனெல்லாம் ஒரு ஆளா?’ என்பதில் இளக்காரமாகிவிட்டது. எந்த மிச்சத்தையும் மறுக்காத முழுமைச் சொல் முழுமையைக் காப்பாற்றுவதில்லை, அதனால்தான் சந்தையில் அதன் பின்னால் ‘அடங்கலா’வைச் சேர்க்க வேண்டியிருக்கிறது.

புதிதாக வந்த ‘ஃபுல்’லும் இதிலிருந்து தப்பவில்லை. ‘பூரா’ வடக்கிலிருந்து வந்து குடியேறியதுபோல இதுவும் ஆங்கிலத்திலிருந்து வந்தது. வந்ததுமே இடத்துக்கு இடம் வெவ்வேறு மிச்சத்தை மறுக்கப் பழகிக்கொண்டது. ‘ஃபுல் மீல்ஸ்’ என்று ஓட்டல் பலகை சொன்னால் அளவுச் சாப்பாடு அல்ல, மறுசோறு உண்டு என்று பொருள். ஃபுல்கைச் சட்டை மறுப்பது அரைக்கையை. குற்றாலத்தில் சீசன் நாளில் ‘தண்ணி ஃபுல்லா விழுது’ என்றால் உள்ளூரார் மேலும் கேட்பார்கள். ஐந்தருவி என்றால் அஞ்சு கிளையிலும் விழுதா, மெயினருவி என்றால் ஆர்ச்சைத் தாண்டி விழுதா? ஒரு கிளை வறண்டிருந்தால் அது ஃபுல் அல்ல. ஆர்ச்சைத் தாண்டிவிட்டாலோ போலீசார் கயிறு கட்டிக் குளிக்கத் தடை போடுவார்கள், அங்கே ஃபுல் என்றால் குளிக்க முடியாத அளவு. வெளியூர்ப் பயணி ‘நிறைய’ என்று புரிந்துகொண்டு வண்டி பிடித்து வந்து ஏமாறுவதும் நடக்கிறது.

ஷெஃபீல்டு படத்துக்கு இங்கே ஒருமுறை திரும்பலாம். அதற்கு முன் ஃபுல் மாண்டி எதற்கும் பொருந்திய பொதுச்சொல்லாகவே வழங்கியது. படம் அதற்கு ஒரு குறிப்பிட்ட மிச்சத்தைக் கொடுத்தது. அதன்பின் முழு நிர்வாணம் என்ற பொருள் வேகமாக ஏறிக்கொண்டது. வழக்கு தன் பொருளை இழந்துவிட்டதாக ஆங்கிலத்தில் வருந்துவோர் உண்டு. என் கணிப்பில் அது இழக்கவில்லை, எல்லாம் போல நீர்த்துப்போகும் கதியிலிருந்து தப்பியது.

கி. ராஜநாராயணனின் வட்டார வழக்குச் சொல்லகராதி 1982இல் வந்தது. அதன் வழியில் பல வட்டார அகராதிகள் வந்துவிட்டன, ஆனால் முழுமைச் சொற்களுக்கு ‘முழுதும்’, ‘எல்லாம்’ என்று ஒற்றைப் பொருள் தருவதோடு அகராதி செய்வோர் நின்றுவிடும் வழக்கம் போகவில்லை. இத்தகைய சொல்லுக்கு எந்தப் பெயர்ச்சொல்லின் பின் வரும் என்ற குறிப்பும், உடன்பாட்டில் ஒன்றும் எதிர்மறையில் ஒன்றுமாக இரண்டு வாக்கியங்களும் தேவை. எதிர்மறை வாக்கியம் இல்லாவிட்டால் மிச்சம் எது என்று தெரியாது. சுரண்டை காமராசர் அரசு கலைக் கல்லூரி மாணவர்கள் இந்த வேலையைக் கையில் எடுக்கலாம். முதலில் செங்கோட்டை, புளியரைப் பக்கத்து முதியவர்களிடம் போக வேண்டும். கணவாயின் இருபுறப் பேச்சையும் காதால் கேட்டு வளர்ந்த தலைமுறை அங்கே இன்னும் இருக்கிறது.